அறிந்தவர் தவிப்பு

2025 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வாப் புயல் மலைநாட்டைக் கலக்கிச் சென்றது. இலங்கை முழுவதிலும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மண்சரிவினால் பாதைகள் துண்டிக்கப்பட்டன. தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே ஒரு செய்தி சென்று சேர்வதும் அரிதாயிற்று. பாடசாலை மீண்டும் தொடங்கிய பின்னர், மழை மறுபடியும் வலுத்திருந்த ஒரு மாலை, பொகவந்தலாவைப் பேருந்துத் தரிப்பிடத்தில் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் தன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான்.

அதில் முக்கால் நிமிடமே ஓடும் ஒரு காட்சி. முதலில் பனிமூட்டம் சூழ்ந்த தேயிலைச் சரிவு. அடுத்து, சேற்றில் புதைந்த ஒரு சிறு செருப்பு. அடுத்து, திரை நிறைய ஒரு மூதாட்டியின் முகம். அவள் கண்கள் எதையோ அண்ணாந்து பார்க்கின்றன. மீண்டும் அதே சரிவு, முன்னிலும் அண்மையில். பின்னணியில் நெஞ்சு அடித்துக்கொள்வது போன்ற ஒரு முழவோசை. சரிவில் ஏதோ அசைகிறது என்று தோன்றும் கணத்தில் திரை இருண்டுவிட, “அடுத்த பகுதியில் காண்க” என்ற எழுத்து மட்டும் எஞ்சிற்று. அடுத்த பகுதியை அவன் தேடிப் பார்த்திருக்கிறான், அப்படியொன்று கிடைக்கவேயில்லை. அவனுடைய அம்மாயி அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிறார். இரண்டு நாளாக அவரோடு பேச முடியவில்லை.

“சேர், இது எந்தத் தோட்டம்?” என்று கேட்டான். அவன் குரல் நடுங்கியது.

எனக்குத் தெரியவில்லை. மூன்றுமுறை போட்டுப் பார்த்தோம். அருகில் நின்ற மாணவியொருத்திதான் சொன்னாள்: “சேர், அந்தப் பாட்டிக்குப் பின்னால தென்னமரம் நிக்குது.”

உண்மைதான். நாலாயிரம் அடிக்கு மேலே, இந்தக் குளிரில், தென்னை நிற்பதில்லை. அந்த முகம் வேறோரிடத்து முகம்; அந்தச் சரிவு வேறோரிடத்துச் சரிவு. யாரோ ஒருவர் இரண்டையும் ஒட்டியிருக்கிறார். ஒட்டிய இடத்தில் எங்கள் பிள்ளையின் இரண்டு நாள் அச்சம் வந்து குடியேறியிருக்கிறது.

இக்கட்டுரை அந்தத் தென்னை மரத்தினின்றும் பிறந்தது. திரைப்படக் கலைஞர்கள் நூறாண்டுக்கு மேலாகப் பயின்று பண்படுத்திய ஒரு நுட்பம் இன்று எவர் கையிலும் எளிதில் கிடைக்கிறது. அந்நுட்பத்தை நாம் அறிந்துகொள்ளவில்லையாயின் அதற்கு அடிமைப்படுவோம். ஆகலின் அதனைச் சற்று விரித்து நோக்குதல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் தகும் என எண்ணுகிறேன்.

இளங்கோவின் ஏற்பாடு

இந்த உணர்ச்சிக்கு நம் பத்திரிகைகள் ‘மர்மம்’ என்றும் ‘திகில்’ என்றும் பெயர் சூட்டுகின்றன. இரண்டும் பொருந்தா. மர்மமாவது அறியாமையால் வருவது. கொலை செய்தவன் யார் என்பது தெரியாத வரையில் அது நிற்கும். திகிலாவது திடுக்கிடுதல், கதவின் பின்னிருந்து ஒருவன் பாய்ந்தால் அது வரும், வந்த வேகத்திலேயே போய்விடும். இங்கே கூறப்புகுந்த உணர்ச்சியோ அறிவினால் வருவது. நடக்கப்போவது நமக்குத் தெரியும், நடப்பவனுக்குத் தெரியாது. ஆங்கிலேயர் இதற்கு வைத்த சொல் ‘தொங்குதல்’ என்னும் பொருளடியாகப் பிறந்தது. நான் இதனைத் ‘தவிப்பு’ என்று அழைப்பேன்.

அல்பிரட் ஹிச்கொக் இதனை ஓர் எளிய உவமையால் விளக்கினார். ஒரு மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்து பேசுகின்றனர். மேசைக்கடியில் வெடிகுண்டு ஒன்று உளது. பார்ப்போர்க்கு அதனை முன்னரே காட்டாமல் வெடிக்கச் செய்தால், கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டையும் கடிகாரத்தையும் முன்னரே காட்டிவிட்டால், அதே வெற்றுப் பேச்சு பதினைந்து நிமிடத் தவிப்பாக மாறும். பிரெஞ்சு இயக்குநர் துருபோ 1962 இல் அவரோடு நிகழ்த்திய நீண்ட உரையாடலில் இவ்விளக்கம் இடம்பெற்றது. 1966 இல் அது நூலாக வெளிவந்தது.

சிலப்பதிகாரம் கற்றோர்க்கு இது புதிதன்று. கொலைக்களக் காதையை நினைவுகூர்க. கோவலன் ஒற்றைச் சிலம்போடு மதுரைத் தெருவில் பொற்கொல்லனைச் சந்திக்கிறான். அரசியின் சிலம்பைக் கவர்ந்தவன் அப்பொற்கொல்லனே என்பதையும், பழியை இப்புதியவன்மேல் ஏற்றிவிட அவன் நெஞ்சுக்குள் முடிவுசெய்வதையும் அடிகள் நமக்குக் காட்டிவிடுகிறார். கோவலனுக்குக் காட்டவில்லை. குண்டு மேசைக்கடியில் வைக்கப்பட்டாயிற்று.

அதன் பின்னர் அவர் செய்வதுதான் பெருந்திறன். காவலர் வருகின்றனர். இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்குகின்றனர். நம் நெஞ்சில் ஒரு நப்பாசை முளைக்கிறது. அந்த வேளையில் பொற்கொல்லன் களவு நூலை எடுத்துக்கொண்டு, கள்வர்க்கு உறுதுணையாவன மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம் என்று தொடங்கி எட்டையும் விரித்துரைக்கிறான். கொலை நிகழவேண்டிய இடத்தில் இத்துணை நீண்ட விரிவுரை எதற்கு என்று மாணவர் என்னை ஆண்டுதோறும் கேட்பர். காலத்தை நீட்டுவதற்காக என்பதே விடை. பேச்சு நீள நீள, அங்கே நிற்கும் கோவலனை நோக்கி நம் நெஞ்சு கூவுகிறது.

கொலை முடிந்தபின் அடிகள் கண்ணகியிடம் நேரே செல்லவில்லை. ஆயர் சேரிக்குச் செல்கிறார். அங்கே பால் உறையவில்லை, வெண்ணெய் உருகவில்லை. தீநிமித்தம் கண்ட ஆய்ச்சியர் கண்ணகி காணக் குரவை ஆடுகின்றனர். அவர்கள் ஆட, அவள் பார்த்திருக்க, கோவலன் இறந்துபட்டான் என்பதை அறிந்தவர் நாம் மட்டுமே. ஆடலின் இனிமையே அங்கே தாங்கொணாத் துன்பமாகிறது. ஒரு படத்தொகுப்பாளர் இக்காப்பியத்தைக் கையில் எடுத்தால், காட்சிகளின் வரிசையை மாற்றவேண்டிய தேவை அவர்க்கு இராது.

முகமும் தளையும்

இனிக் கருவிகளைப் பார்ப்போம். முதலாவது கருவி அண்மைக் காட்சி. ஒரு முகமோ கையோ பொருளோ திரையை நிறைத்து நிற்பது. இதன் முன்னோடிகளுள் ஒருவர் துயிலுமிடம் எங்கள் ஊரிலேயே உளது என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. ஜூலியா மார்கரட் கெமரன் என்னும் அம்மையார் 1815 இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1863 இல், தம் நாற்பத்தெட்டாம் வயதில், மகள் பரிசாக அளித்த கமராவைக் கையில் எடுத்தார். அக்காலத்துப் படப்பிடிப்பாளர் முழு உருவத்தையும் நாற்காலியையும் திரைச்சீலையையும் படமாக்க, இவர் முகத்தினருகே சென்றார். ஓரங்கள் மங்கினும் கவலை கொண்டாரில்லை. கணவருக்குக் கோப்பித் தோட்டங்கள் இருந்தமையால் 1875 இல் இலங்கைக்கு வந்தவர், தோட்டத் தொழிலாளரையும் சிலகால் படமெடுத்தார். 1879 ஜனவரியில் மறைந்து, பொகவந்தலாவைப் புனித மரியாள் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார். திரைப்படம் பிறப்பதற்குப் பதினாறாண்டு முன்னரே, முகம் ஒன்றே கதை சொல்லும் என்பதை நிறுவியவர் அவர்.

ஆயினும் முகம் தனித்து நிற்குமிடத்து அதன் பொருள் நிலையாததாகும். உருசிய நாட்டுக் குலெஷோவ் 1920 ஆம் ஆண்டையொட்டி ஒரு சோதனை செய்தார். அதனை அவர் மாணவர் புடோவ்கின் எழுதிவைத்துள்ளார். உணர்ச்சி ஏதுமற்ற ஒரு நடிகரின் முகத்துண்டை எடுத்து, அதனை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியிற் கிடக்கும் பெண்ணோடும், ஒருமுறை பொம்மையோடு விளையாடும் சிறுமியோடும் ஒட்டிக் காட்டினர். கண்டவர்கள் அவர் பசியை நடித்ததாகவும், துயரை நடித்ததாகவும், மகிழ்வை நடித்ததாகவும் போற்றினராம். முகம் மாறவேயில்லை, பக்கத்தில் வந்தது மாறிற்று.

யாப்புக் கற்ற மாணவர்க்கு இதனை ஒரு சொல்லில் விளக்கலாம்: இது தளை. ஒரு சீர் தனித்து நிற்கும்போது தளை இல்லை. நின்ற சீரும் வருஞ்சீரின் முதலசையும் கூடுமிடத்தில் அது பிறக்கிறது. அவ்வாறே இரண்டு காட்சித் துண்டுகள் கூடுமிடத்தில், இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருளொன்று பிறக்கிறது. அதனைப் பெற்றெடுப்பது பார்ப்பவன் நெஞ்சு. பேருந்துத் தரிப்பிடத்தில் அந்த மாணவன் கண்ட காட்சியில் மூதாட்டி சரிவைப் பார்க்கவேயில்லை. அவளைப் பார்க்கச் செய்தவன் அவனே.

ஈரிடம், ஒரு காலம்

இரண்டாவது கருவி, இரண்டு இடங்களை மாறி மாறிக் காட்டுதல். அமெரிக்கரான கிறிபித் 1911 இல் எடுத்த ‘லோன்டேல் ஒப்பரேட்டர்’ என்னும் குறும்படத்தில், தனித்த இரயில் நிலையத்தில் தந்தி வேலை பார்க்கும் ஒரு பெண்ணைக் கள்வர் சூழ்கின்றனர். அவளுடைய காதலன் இரயில் என்ஜினை ஓட்டிக்கொண்டு விரைகிறான். கதவு, என்ஜின், கதவு, என்ஜின் எனப் படம் மாறுகிறது. அவள் இருளில் ஏதோவொன்றைத் துப்பாக்கிபோல் நீட்டிக் கள்வரைத் தடுத்து நிறுத்துகிறாள். இறுதியில் ஓர் அண்மைக் காட்சி, அது திருகாணி முடுக்கும் ஒரு கருவியே என்று காட்டிவிடுகிறது. இரு கருவிகளும் அச்சிறு படத்திலேயே கைகோத்துவிட்டன.

நூற்றெட்டு ஆண்டு கழித்து, 2019 இல் வெளிவந்த லோகேஷ் கனகராஜின் ‘கைதி’ இதே ஏற்பாட்டின்மேல் நிற்பது. மயங்கிக் கிடக்கும் பொலிஸாரை ஏற்றிக்கொண்டு ஒரு லொறி இரவில் ஓடுகிறது. மற்றோரிடத்தில், முற்றுகையிடப்பட்ட ஆணையர் அலுவலகத்தை ஒரு முதிய காவலரும் சில மாணவரும் காத்து நிற்கின்றனர். பாட்டு இல்லை, ஒரே இரவு. லொறியைக் காணும்போது அலுவலகத்தை எண்ணியும், அலுவலகத்தைக் காணும்போது லொறியை எண்ணியும் வருந்துகிறோம். படத்தொகுப்பாளர் பிலோமின் ராஜ் எந்த இடத்தில் வெட்டினாலும், மற்ற இடத்தின் கவலையை நாமே சுமந்து செல்கிறோம்.

மூன்றாவது கருவி மாத்திரை. ஒரு காட்சித் துண்டு எத்துணை நேரம் நிற்கவேண்டும் என்பதே அது. குறிலை நெடிலாக்கினும், நெடிலைக் குறிலாக்கினும் பாட்டுக் கெடும். ஹிச்கொக்கின் ‘சபொட்டாஜ்’ (1936) என்னும் படத்தில் ஒரு சிறுவன் தான் சுமப்பது குண்டு என்று அறியாமல் இலண்டன் தெருக்களில் செல்கிறான். தெருவில் ஊர்வலம் மறிக்கிறது, பற்பசை விற்பவன் பிடித்து நிறுத்துகிறான், பேருந்து தாமதிக்கிறது. பொதியும் கடிகாரமும் மாறி மாறி வருகின்றன. இறுதியில் குண்டு வெடித்துச் சிறுவன் மாள்கிறான். அவ்வாறு செய்தது பிழை என்று ஹிச்கொக் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பார்ப்போர் மனத்தைத் தவிக்கவிட்டவர் அத்தவிப்புக்கு ஓர் ஆறுதலும் கடன்பட்டவர் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

பிரட்டுக்களத்தில் ஒரு பொம்மை

தமிழில் இக்கலையைத் தெளிந்து கையாண்டவருள் தலையாயவர் வீணை எஸ். பாலசந்தர். காலத்தை அளந்து பழகிய இசைவாணர் காட்சியையும் அளக்க வல்லவரானதில் வியப்பில்லை. 1954 இல் ஏ.வி.எம். நிறுவனத்திற்காக அவர் இயக்கிய ‘அந்த நாள்’ பாட்டும் கூத்தும் சண்டையும் இன்றி வந்த படம். 1943 அக்டோபரில் சென்னையில் குண்டு விழுந்த நாளை ஒட்டிய கதை. வானொலிப் பொறியாளன் ஒருவன் சுடப்பட்டு வீழ்கிறான். ஒவ்வொருவர் வாக்கும் ஒவ்வொரு கொலையாளியைச் சுட்டுகிறது. இது மர்மப்படமே. ஆயினும் காட்டப்படுவது இன்னாரின் கூற்று என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டே காட்டுகிறது. மறைக்கிறது, ஆனால் ஏமாற்றவில்லை.

பத்தாண்டு கழித்து 1964 இல் அவர் எடுத்த ‘பொம்மை’ தவிப்புக்கு இலக்கணம். ஒருவரைக் கொல்லக் குண்டு பொதிந்து அனுப்பிய பொம்மை, வழி தவறிக் கைக்குக் கை மாறிச் செல்கிறது. உள்ளிருப்பது நமக்குத் தெரியும்; ஏந்தி நிற்பவர்க்குத் தெரியாது.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். தோட்டத்துக் கோயில் திருவிழாவில், பிரட்டுக்களத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி இப்படத்தைக் காட்டினர். பதினாறு மில்லிமீற்றர் இயந்திரம் ஒன்றே இருந்தமையால், ஒரு சுருள் முடிந்ததும் விளக்கை ஏற்றி அடுத்ததை மாட்டவேண்டும். பொம்மை ஒருவர் கையிலிருக்கும் வேளை பார்த்துச் சுருள் முடிந்தது. அந்த ஐந்து நிமிடமும் ஒருவரும் எழுந்து போகவில்லை. மீண்டும் படம் ஓடத் தொடங்கியபோது, பகலெல்லாம் கொழுந்து பறித்துக் களைத்திருந்த பெண்களிடமிருந்து ஒரு குரல் எழுந்தது: “ஐயையோ, அதத் தூக்கி வீசுய்யா!” பின்னர்ப் பல குரல்கள். வேட்டியில் ஆடும் நிழலுக்குக் காது இல்லை என்பதை அறியாதவர்களா அவர்கள்? அறிந்தே கூவினர். பிறனொருவன் ஆபத்தைத் தான் அறிந்து, அவன் அறியாதிருக்கக் கண்டால், மனித நெஞ்சு வாய்மூடியிராது. தவிப்பு என்னும் கலை முழுதும் இந்த நல்லியல்பின்மேல் கட்டப்பட்டதாகும்.

நம் நாட்டுச் சிங்களப் படங்களிலும் இதன் உச்சம் உண்டு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கி, எம். எஸ். ஆனந்தன் ஒளிப்பதிவு செய்த ‘நிதானய’ அதற்குச் சான்று. புதையலுக்குப் பலியிடவே ஒரு பெண்ணை மணக்கிறான் நாயகன். அவள் அன்போடு அவனைப் பேணும் ஒவ்வோர் அமைதியான காட்சியும் நமக்குப் பொறுக்க முடியாததாகிறது. ஓசையோ வேகமோ அங்கே தேவைப்படவில்லை.

எது அறம்?

மேற்கூறிய படைப்பாளர் அனைவரிடத்தும் பொதுவான ஒரு நேர்மை உண்டு. அவர்கள் நமக்கு அறிவைத் தருகின்றனர். குண்டு எங்கே, யார் கையில், இன்னும் எவ்வளவு நேரம் என்பன நமக்குச் சொல்லப்படுகின்றன. தவிக்கச் செய்தபின் முடிவையும் தருகின்றனர்.

கைத்தொலைபேசியில் வரும் துண்டுகள் இம்மூன்று கருவிகளையும் அப்படியே எடுத்துக்கொண்டன, நேர்மையை எடுத்துக்கொள்ளவில்லை. எந்த இடம், எந்த நாள், யார் முகம் என்ற அறிவைத் திட்டமிட்டே நீக்கிவிடுகின்றன. முடிவு தரப்படுவதில்லை, அடுத்த பகுதி என்று இழுக்கப்படுகிறது. தவிப்பின் நீளமே அங்கே வருவாயாகிறது. புனைகதைக்கு இவ்வாறு செய்தால் அது மட்டமான கலை என்று விட்டுவிடலாம். மண்ணுக்குள் மனிதர் கிடக்கும் வேளையில் செய்தியென்று சொல்லி இவ்வாறு செய்தல் பெருங்கொடுமை.

கேடு அவ்வளவில் நிற்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்தை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படியாக அறிவிக்கிறது. அவ்வறிவிப்பில் முழவோசை இல்லை. மூதாட்டியின் கண்கள் இல்லை. பிரதேசத்தின் பெயரும் நேரமும் மட்டுமே உள்ளன. நாள்தோறும் நூறு பொய்த் தவிப்புகளிற் பழகிய மனத்துக்கு இவ்வறிவிப்புச் சப்பென்றிருக்கிறது. அசைகிற சரிவைப் பார்த்துக்கொண்டிருந்து பழகியவன், தன் லயத்துக்குப் பின்னேயுள்ள மண்மேட்டில் வெடிப்புக் கண்டாலும் அதனைப் படம்பிடிக்கவே முதலில் கைநீட்டுகிறான்.

2014 அக்டோபர் 29 ஆம் நாட் காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. அவ்விடம் வாழத் தகாதது என்ற எச்சரிக்கை பல்லாண்டுக்கு முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. அறிவு ஓரிடத்தில் இருந்தது. ஆபத்து வேறோரிடத்தில் இருந்தது. இடையில் காலமும் இருந்தது. தவிப்புக்கு வேண்டிய உறுப்புகள் யாவும் அங்கே அமைந்திருந்தன. ஆனால் அது திரையன்று. திரைக்குள் சென்று பொம்மையைப் பறிக்க எவராலும் இயலாது, இங்கே இயன்றிருக்கும்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் என்னும் பாடம் நம் பாடசாலைகளில் உண்டு. அதனை எடுக்கும் மாணவர் சிலரே. தமிழோ எல்லாரும் படிப்பது. கொலைக்களக் காதை நடத்தும் நாளில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். நான் செய்து பார்த்தேன். கைத்தொலைபேசித் துண்டொன்றைத் தாளில் எழுதச் சொன்னேன்: எத்தனை காட்சித் துண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், ஒவ்வொன்றிலும் இடத்தைக் காட்டும் அடையாளம் யாது, இரண்டு துண்டும் ஓரிடத்தவை என்பதற்கு ஆதாரம் யாது, ஓசையை நிறுத்திவிட்டால் எஞ்சுவது யாது. செய்யுளைச் சீர்பிரித்து அலகிடுவதைப் போன்றதே இதுவும். நாற்பது நிமிடத்தில் வகுப்பு முழுதும் தளை காணப் பழகிவிட்டது. அதன் பின்னர் நல்ல படங்களை அவர்கள் முன்னிலும் சுவைத்துப் பார்ப்பதையும் கண்டேன். நுட்பம் தெரிந்தால் சுவை குறையும் என்ற அச்சம் வேண்டா.

அந்த மாணவனின் அம்மாயி அன்றிரவே பக்கத்து வீட்டார் தொலைபேசியில் பேசினாராம். அவர் லயத்தில் கூரை மட்டும் ஒழுகியது. மறுநாள் அவன் அந்தக் காட்சியை அழித்துவிட்டதாகக் கூறினான். அழிக்குமுன் அதனை அவனுக்கு அனுப்பிய ஏழு பேருக்கும் தென்னை மரத்தைப் பற்றி எழுதினானாம். பிரட்டுக்களத்தில் அன்று எழுந்த குரல்கள் என் நினைவுக்கு வந்தன. இம்முறை கேட்பதற்குக் காதுகள் இருந்தன.